மேற்குப் பாளையங்களின் போர்ப் பதிவுகளும் கடிதங்களும்

நெல்லைச் சீமையின் மேற்குப் பாளையங்களில் 1755 முதல் 1801 வரை நடந்த போர்களைப் பற்றிக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரிகள் எழுதிய அறிக்கைகள், கடிதங்கள், நினைவுக் குறிப்புகள் ஆகியவை தமிழக வரலாற்றெழுத்தின் முக்கியமான மூலச்சான்றுகளாகும். நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், சிவகிரி என்று ராயகிரியைச் சுற்றி ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் இருக்கும் ஊர்கள் இவற்றில் திரும்பத் திரும்ப வருகின்றன. பூலித்தேவன், கட்டபொம்மன் பற்றி இன்று எழுதப்படும் நூல்களில் பெரும்பாலானவை நேராகவோ கைமாறியோ இவற்றிலிருந்துதான் செய்தி எடுக்கின்றன.

ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் பாளையக்காரர் என்ற இரண்டு அணிப் போரின் பதிவாக இவற்றைப் படிப்பது வழக்கமாகிவிட்டது. பதிவுகளை வரிசையாக வைத்துப் படித்தால் தெரியும் படம் அதுவல்ல. அண்ணன் தம்பி, தந்தை மகன், அடுத்தடுத்த பாளையங்கள், மலைக்கு அப்பாலிருந்த அரசு என்று பல முனைகளில் நடந்த உள்நாட்டுப் போர் அது. அதில் ஒரு தரப்புக்குத் துணையாக நுழைந்த கம்பெனி, கடைசியில் எல்லாத் தரப்பின் நிலத்தையும் எடுத்துக்கொண்டது. வென்றவரின் பதிவுகளே மிஞ்சியிருப்பதால் இந்தப் பல முனைகள் மங்கிப்போயின. ஆனால் முற்றிலும் அழிந்துவிடவில்லை. தனிக் கடிதங்களின் ஓரங்களில் அவை இன்னும் தெரிகின்றன.

எல்லைப்புறமும் பகையும்

இந்தப் பகுதிக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அதற்கு அப்பால் திருவிதாங்கூர். மலைக்கு இந்தப் பக்கம் களக்காட்டின்மீதும் திருவிதாங்கூருக்குக் கண் இருந்தது. செங்கோட்டை 1956 வரை அந்த அரசோடுதான் இருந்தது. வடகிழக்கே மதுரை. அதன்மீது ஆர்க்காட்டு நவாப் உரிமை கொண்டாடினார். வரி கேட்டு வரும் படை கிழக்கிலிருந்து வந்தால் மலைக்காட்டுக்குள் ஒதுங்கலாம், மேற்கிலிருந்து பகை வந்தால் கிழக்கே பேசி உதவி பெறலாம் என்பதே மேற்குப் பாளையக்காரர்களின் நெடுநாள் உத்தி.

1755-ல் கர்னல் ஹெரான் தலைமையில் கம்பெனிப் படை தெற்கே வந்தபோது உடன் வந்தவர் நவாப் முகமது அலியின் அண்ணன் மாபூஸ்கான். நெற்கட்டும்செவல் கோட்டையைத் தகர்க்கக் கனமான பீரங்கி இல்லாமல் ஹெரான் திரும்பினார். பின்னர் படை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுப் பதவி இழந்தார். சீமையைக் குத்தகைக்குப் பெற்ற மாபூஸ்கான் சில ஆண்டுகளில் தம்பிக்கு எதிராகத் திரும்பிப் பூலித்தேவனின் கூட்டாளியானார். அவர்களை ஒடுக்க அனுப்பப்பட்ட யூசுப்கானும் பின்னாளில் கம்பெனிக்கு எதிராகத் திரும்பி 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். 1759-ல் திருவிதாங்கூர் அணி மாறியது. பூலித்தேவனோடு சேர்ந்திருந்த அந்த அரசு, களக்காட்டைப் பெறும் பேரத்தில் யூசுப்கானோடு கைகோத்தது. கிழக்குப் பாளையங்களில் பெரும்பாலானவை பூலித்தேவனின் கூட்டணியில் சேரவில்லை. பத்தாண்டுக்குள் இத்தனை அணி மாற்றம் நடந்த போரில் ‘கலகக்காரர்’ என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்பதை ஒவ்வொரு ஆவணத்தின் தேதியையும் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆர்ம் எழுதிய வாசுதேவநல்லூர்

கம்பெனியின் வரலாற்றாசிரியராக இருந்த ராபர்ட் ஆர்ம், இந்தியாவில் ஆங்கிலேயரின் போர் நடவடிக்கைகள் பற்றி எழுதிய நூலின் முதல் தொகுதி 1763-லும் இரண்டாம் தொகுதி 1778-லும் வெளிவந்தன. 1760-ல் யூசுப்கான் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டுத் தோற்றது இதில் விரிவாக இடம்பெறுகிறது. கோட்டையின் அமைப்பு, சுற்றிலும் இருந்த காடு, முற்றுகையிட்டவர்கள் சுவரில் ஏற முயன்ற நேரத்தில் நெற்கட்டும்செவலிலிருந்து வந்த படை அவர்களின் பின்புறத்தைத் தாக்கியது ஆகியவற்றைப் படிக்கும்போது எழுதியவர் அங்கே நின்று பார்த்தது போலவே தோன்றும்.

ஆனால் ஆர்ம் 1758-லேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டவர். முற்றுகை நடந்தபோது அவர் இங்கே இல்லை. சென்னையிலிருந்தும் பாசறைகளிலிருந்தும் போன கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் கொண்டுதான் அந்தப் பக்கங்களை எழுதினார். அதாவது பிறர் எழுதிய கடிதங்கள் கரைந்து ஒரே குரலாக மாறிய இடம் இது. யாருடைய கண்ணால் பார்த்தது, யார் யாருக்கு எழுதியது என்பதெல்லாம் அந்தச் சீரான நடையில் மறைந்துவிட்டன. ஆர்ம் நேர்மையற்றவர் என்று இதனால் ஆகாது. செய்திகளைச் சரிபார்க்க அவர் பட்ட பாட்டுக்கு லண்டனில் இருக்கும் அவருடைய கையெழுத்துப் பிரதிகளே சாட்சி. எனினும் அவருடைய வாக்கியம் ஒன்றைச் ‘சமகாலச் சான்று’ என்று எடுத்தாளும்போது, அது இரண்டாம் கைச் செய்தி என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

ஆர்மிடம் இன்னொரு குறையும் உண்டு. தென்பகுதியின் ஆயுதம் தாங்கிய மக்களை அவர் ‘கல்லரி’ என்ற ஒரே பெயரால் குறித்தார். கள்ளர் என்ற பெயரிலிருந்து வந்த சொல் அது. மேற்குப் பாளையங்களில் தலைமையில் இருந்தவர்கள் மறவர்கள். அவர்களோடு வேறு பல சாதியாரும் போரிட்டார்கள். புதுக்கோட்டைப் பக்கத்துச் சாதிப்பெயர் ஒன்று மலையடிவாரத்தில் ஈட்டி பிடித்தவர் எல்லோருக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பதினெட்டு அடி நீள ஈட்டியைக் கூட அளந்து எழுதியவர், அதைப் பிடித்திருந்தவர் யார் என்பதை அளக்கவில்லை.

கேம்ப்பெல்லின் கடிதம்

இந்த வரிசையிலேயே மிகவும் மதிக்கத்தக்க ஆவணம் 1767-ஐச் சேர்ந்தது. வாசுதேவநல்லூர் 1761-ல் யூசுப்கானிடம் வீழ்ந்தது. அவருடைய மறைவுக்குப் பின் பாளையக்காரர்கள் தங்கள் கோட்டைகளை மீண்டும் பிடித்துக்கொண்டார்கள். அவர்களை அடக்க வந்த கர்னல் டொனால்ட் கேம்ப்பெல் சென்னை அரசுக்கு எழுதிய கடிதத்தில் வாசுதேவநல்லூர் முற்றுகையை விவரிக்கிறார்.

மண்கோட்டை என்று ஏளனமாக நினைத்து வந்தவர்களுக்கு அந்தச் சுவர் பெரிய வியப்பைத் தந்தது. கற்சுவரில் குண்டு பட்டால் விரிசல் ஓடும். ஒரு கல் பெயர்ந்தால் பக்கத்துக் கற்களும் சரியும். காய்ந்து இறுகிய மண்சுவரில் குண்டு புதைந்து நின்றுவிடும். துளை விழுமே தவிர, ஏறிப் போக வழி அமையாது. நாள் முழுதும் சுட்டு ஒரு வழி திறந்தாலும் உள்ளிருப்பவர்கள் பனை மட்டையையும் வைக்கோலையும் கொண்டு அதை அடைத்துவிடுகிறார்கள். அடைத்துக்கொண்டிருப்பவர்கள் குண்டுபட்டு விழும்போது, பக்கத்தில் நிற்பவர்கள் வேலையை விடுவதில்லை. ஈட்டிக்காரர்களும் துப்பாக்கிக்காரர்களும் இடம் விட்டு நகர்வதுமில்லை. கடைசியில் கனமழை பெய்த ஓர் இரவில் காவலர்கள் கோட்டையை விட்டு வெளியேறிக் காட்டுக்குள் போய்விட்டார்கள். கேம்ப்பெல் வியப்பை மறைக்காமல் எழுதுகிறார்.

இந்த வியப்பை அப்படியே நம்பலாமா? கோட்டையை எளிதில் பிடிக்க முடியாத தளபதிக்கு எதிரியின் வீரத்தைப் பெரிதாகச் சொல்வதில் ஆதாயம் உண்டு. செலவான குண்டுக்கும் இழந்த ஆட்களுக்கும் மேலிடம் கணக்குக் கேட்கும். வீரப் புகழ்ச்சி அந்தக் கணக்குக்கு நல்ல விடை. இந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆனால் சாக்குச் சொல்வதற்கு ‘எதிரி வீரன்’ என்ற சொல்லே போதும். பனை மட்டையும் வைக்கோலும் தேவையில்லை. யாரையும் எதற்கும் இணங்கவைக்க உதவாத விவரம் அது. சுவரருகே என்ன நடந்தது என்பதைப் பார்த்த ஒருவர், பார்த்தது மனதை விட்டு அகலாததால் எழுதிய வரி. இதைப் போன்ற வரிகளால்தான் கேம்ப்பெல்லின் கடிதம் ஆர்மின் நூலைவிட உயர்ந்து நிற்கிறது. ஆர்மின் வாசுதேவநல்லூரில் ஒரு முற்றுகை நடக்கிறது என்றால், கேம்ப்பெல்லின் வாசுதேவநல்லூரில் மனிதர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஃபுல்லார்ட்டன்

1783-ல் கர்னல் வில்லியம் ஃபுல்லார்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தபின் சிவகிரிக்கு வந்தார். அவருடைய நூல் 1787-ல் லண்டனில் வெளிவந்தது. கடித வடிவில் அமைந்தது. சிவகிரிக்கு மேற்கே மலைகளுக்கு நடுவில் காட்டுவேலியால் மூடப்பட்ட பள்ளத்தாக்கை அவர் வருணிக்கும் பகுதி புகழ்பெற்றது. படையின் பாதையை மரம் வெட்டித்தான் உண்டாக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த வருணனை அச்சுக்காகச் செதுக்கப்பட்டது. தம் திறமையை லண்டனுக்குக் காட்டும் நோக்கம் வரிக்கு வரி தெரிகிறது.

நூலின் உண்மையான மதிப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையில், கொழும்பு டச்சு அரசுக்கும் கட்டபொம்மன் வழியினருக்கும் இடையிலான ஒப்பந்தப் பத்திரம் அகப்பட்டது என்ற செய்தி அது. தூத்துக்குடியில் இருந்த டச்சுக்காரர், ஆங்கிலேயர், மைசூர், ஆர்க்காடு என்று எத்தனை பேரோடு ஒரு பாளையம் பேச வேண்டியிருந்தது என்பதற்கு அந்த ஒரு தாள் போதுமானது.

சிவகிரி வழக்கும் பானர்மனின் கடிதமும்

1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். மறுநாள் மேஜர் ஜான் பானர்மன் சென்னை அரசுக்கு எழுதிய கடிதமே அந்நிகழ்வுக்கு முதன்மையான நேரடிச் சான்று. பாளையக்காரர்கள் எல்லோரையும் கூட்டி வைத்து விசாரணை நடத்தப்பட்டது. கிஸ்தி பாக்கி, கலெக்டர் அழைத்தும் வராதது ஆகியவற்றோடு வைக்கப்பட்ட இன்னொரு குற்றச்சாட்டு சிவகிரியைப் பற்றியது. சிவகிரிப் பாளையக்காரருக்கும் அவருடைய மகனுக்கும் பகை; மகனுக்குத் துணையாகக் கட்டபொம்மன் ஆயுதப் படை அனுப்பினார் என்பது புகார். ஒரு குடும்பச் சண்டை, பாளையத்துச் சண்டையாகி, கம்பெனியின் குற்றச்சாட்டுப் பட்டியலில் ஒரு வரியாக முடிந்தது. மகனின் தரப்பு என்ன என்பது அந்த வரிக்குள் அடங்கிப்போயிற்று.

விசாரணை நேரம் முழுதும் கட்டபொம்மன் அஞ்சாமல் இறுமாப்போடு நின்றதாகப் பானர்மன் எழுதுகிறார். தம்மைப் பிடிக்க முனைந்து நின்ற எட்டயபுரம் பாளையக்காரரையும், சிவகிரிப் பாளையக்காரரையும் அடிக்கடி வெறுப்போடு பார்த்தார் என்றும், தூக்குமரத்துக்கு நடந்தபோது இருபுறமும் நின்ற பாளையக்காரர்களை ஏளனமாக நோக்கியபடி சென்றார் என்றும் கடிதம் சொல்கிறது. அடுத்து வருவது முக்கியமான மாற்றம். வாய் பேசாத தம்பியைப் பற்றி மட்டும் அவர் கவலைப்பட்டதையும், கோட்டையை விட்டு வந்ததற்கு மரத்தடியில் வருந்தியதையும் பானர்மன் தாம் கேட்டதாகச் சொல்லவில்லை. தமக்குத் தெரிவிக்கப்பட்டதாகச் சொல்கிறார். கண்ணால் கண்டது, காதில் விழுந்தது என்ற இரண்டையும் அவர் பிரித்து வைத்திருக்கிறார். பின்னால் வந்த நூல்களும் 1959-ல் வெளிவந்த திரைப்படமும் அந்தப் பிரிவைக் கரைத்துவிட்டன.

இந்தக் கடிதம் ஒரு தற்காப்பு ஆவணமும்கூட. ஒரு படை அதிகாரி தாமே விசாரித்து, தாமே தண்டித்ததைச் சென்னைக்கு நியாயப்படுத்த வேண்டியிருந்தது. கைதி பணிவாக நின்றிருந்தால் தண்டனை கொடுமையாகத் தோன்றும். இறுமாப்போடு நின்றான் என்றால் தேவையாகத் தோன்றும். பானர்மன் தமக்காக எழுதிய வரிகளே தமிழ் மக்களிடம் கட்டபொம்மனின் பெருமைக்கு ஆதாரமாயின.

அந்தப் பார்வை இருவர்மேல் விழுந்தது என்கிறது கடிதம். மக்கள் நினைவில் ஒருவர்தான் நின்றார். எட்டப்பன் என்ற பெயர் தமிழில் வசைச்சொல்லாகிவிட்டது, சிவகிரி உதிர்ந்துபோயிற்று. எட்டயபுரத்தின் பகை துரோகம் என்ற ஒரே கதைக்குள் எளிதாகப் பொருந்தியது. தன் பாளையத்துக்குள் படை அனுப்பியவருக்கு எதிரே நின்ற சிவகிரியின் பகை அப்படிப் பொருந்தாது. பாளையத்துக்குப் பாளையம் பகைத்துக்கொண்ட உள்நாட்டுப் போரின் தடம் கடிதத்தில் இருக்கிறது, கதையில் இல்லை. ம.பொ.சிவஞானம் கட்டபொம்மனை விடுதலை வீரராக நிறுவினார். தமிழ்வாணன் அவரைக் கொள்ளைக்காரர் என்று எழுதினார். இருதரப்பும் திரும்பிப் போக வேண்டியது இதே கடிதத் தொகுதிக்குத்தான். அந்த விவாதத்தில் சிவகிரி வழக்கு, வீரரா கொள்ளைக்காரரா என்ற கேள்விக்கு ஒரு துணைச் சான்றாக மட்டுமே பயன்பட்டது. மலையடிவாரப் பாளையம் ஒன்றில் தந்தையும் மகனும் ஏன் மோதிக்கொண்டார்கள் என்பது தனிக் கேள்வி.

வெல்ஷ்

ஜேம்ஸ் வெல்ஷின் போர் நினைவுகள் 1830-ல், 1801-ஆம் ஆண்டுப் போருக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் அச்சாயின. படிக்க மிகவும் இனிமையானவை. அந்த இனிமைதான் சிக்கல். ஊமைத்துரை காயம்பட்டுப் பிணங்களுக்கிடையே கிடந்ததையும், ஒரு தாய் தன் மகனைத் தேடி வந்து அவரைக் காப்பாற்றியதையும், பெரியம்மை என்று சொல்லித் துரத்தி வந்தவர்களை ஏமாற்றியதையும் வெல்ஷ் சொல்லும் விதத்தில் மனம் நெகிழும். ஆனால் அவர் அந்தக் களத்தில் அப்போது அந்தப் பெண்ணின் அருகே நிற்கவில்லை. பின்னர் கேட்டதைச் சொல்கிறார். துரத்தி வந்தவர்கள் எட்டயபுரத்தார் என்பதும் அதே கதையில் உண்டு. சின்ன மருது தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத்தந்ததைச் சொல்லும் பகுதி வேறு வகை: அது அவருடைய சொந்த அனுபவம். வெல்ஷை எடுத்தாளும்போது இந்த இரண்டு வகையையும் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது.

மறுபக்கத்துக் கடிதங்கள்

பாளையக்காரர்களும் கடிதம் எழுதினார்கள். கலெக்டருக்கு, நவாபுக்கு, அண்டைப் பாளையங்களுக்கு, டச்சுக்காரருக்கு என்று அவர்கள் அனுப்பியவற்றில் கம்பெனியின் கைக்கு வந்தவை மொழிபெயர்க்கப்பட்டு ஆலோசனைப் பதிவேடுகளில் நகலெடுக்கப்பட்டன. பதிவேட்டில் நின்றது பெரும்பாலும் ஆங்கில வடிவம்தான். துபாஷி வழியாக வந்த அந்த ஆங்கிலத்தில் எல்லாப் பாளையக்காரரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்: பணிவான விண்ணப்பம், பிழை பொறுக்க வேண்டுதல், தவணை கேட்டல். தமிழில் அதே வாக்கியம் பணிவாக இருந்ததா, எள்ளலாக இருந்ததா என்பதை அந்த வடிவத்திலிருந்து கண்டுபிடிக்க இயலாது. 1801 ஜூனில் திருச்சியிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்ட மருதுவின் அறிவிப்பு இன்று படிக்கக் கிடைப்பதும் எதிரியின் கோப்புக்குள் அது போய்ச் சேர்ந்ததால்தான்.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்போடு ஒப்பிட்டால் இழப்பின் அளவு தெரியும். அதே கர்நாடகப் போர்களின் காலம்; தமிழிலேயே, வதந்தியும் கோபமும் வணிகக் கணக்கும் கலந்து, ஒரு மனிதரின் குரல் அதில் கேட்கிறது. மேற்குப் பாளையங்களுக்கு அப்படி ஒரு நூல் இல்லை. அந்த இடத்தை நிரப்புபவை கதைப்பாடல்கள். கட்டபொம்மன் கதைப்பாடலையும் கான்சாகிபு சண்டையையும் நா. வானமாமலை பதிப்பித்தார். பாடல்களில் தேதிகள் தவறலாம். ஆனால் படை அறிக்கைகளில் இடம்பெறாத ஆட்கள் வாய்மொழி மரபில் இருக்கிறார்கள். ஒண்டிவீரனும் வெண்ணிக்காலாடியும் பூலித்தேவனின் படைத்தலைவர்களாக இந்த வட்டாரத்து மக்கள் நினைவில் வாழ்பவர்கள். ஒண்டிவீரனுக்கு 2022-ல் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. கம்பெனி அதிகாரிகள் பாளையக்காரர், தளவாய் என்ற மட்டத்துக்குக் கீழே பெயர் கேட்டு எழுதும் வழக்கம் உள்ளவர்கள் அல்லர். ஆகவே ஆவணத்தில் பெயர் இல்லை என்பதைக்கொண்டு அந்த ஆள் இல்லை என்று முடிவுகட்டுவது பிழை. வாய்மொழியில் இருக்கிறது என்பதற்காக நாள், கிழமை சேர்த்து உறுதி செய்வதும் அதே அளவு பிழை.

பிற்காலப் பயன்பாடு

இந்த ஆவணங்களை ஒரே நூலில் முதலில் கோத்துக் கொடுத்தவர் கால்டுவெல். அவருடைய திருநெல்வேலி வரலாறு 1881-ல் சென்னை அரசின் வெளியீடாக வந்தது. கேம்ப்பெல்லையும் பானர்மனையும் அவர் நீளமாக எடுத்துக்கொடுத்ததால்தான் பலருக்கு அக்கடிதங்கள் தெரியவந்தன. ஆனால் கம்பெனி ஆட்சி வந்ததும் குழப்பம் நீங்கி அமைதி வந்தது என்ற முடிவை நோக்கியே அவர் அவற்றை அடுக்கியிருக்கிறார். ஒரு நூற்றாண்டு கழித்து கே. ராஜய்யன் எழும்பூர் ஆவணக்காப்பகத்தின் படைத்துறைப் பதிவேடுகளுக்கே திரும்பிச் சென்று, 1971-லும் 1974-லும் வந்த நூல்களில் அவற்றை எதிர்த்திசையில், விடுதலைப் போராட்டத்தை நோக்கி அடுக்கினார். ராஜய்யனின் உழைப்பு பெரிது. கால்டுவெல் தவிர்த்த பல கடிதங்களை அவர் வெளிக்கொணர்ந்தார். இருப்பினும் இரு அடுக்குகளிலும் எட்டயபுரமும் சிவகிரியும் திருவிதாங்கூரும் துணைப்பாத்திரங்களாகவே நிற்கின்றன.

மூலங்களைத் தேடுபவர்களுக்கு ஊர்ப்பெயர்கள் முதல் தடை. ஆர்மின் எழுத்தில் வாசுதேவநல்லூர் ‘வாஷிநெலூர்’; நெற்கட்டும்செவல் ‘நெல்லிதங்கவில்’; பூலித்தேவன் ‘புலிதாவர்’. பானர்மனிடம் சிவகிரி ‘ஷெவிகரி’. ஒரே அதிகாரியே அடுத்தடுத்த கடிதங்களில் வேறு வேறு எழுத்துக் கூட்டலைப் பயன்படுத்துவதும் உண்டு. இன்றைய எழுத்துக் கூட்டலில் தேடினால் இந்த ஊர்களுக்கு உரிய கடிதங்கள் பல கண்ணில் படாமலே போகும்.